நன்றி சகோதரிகளே

ஆகஸ்ட் 4, திங்கள்

குட்டி தூங்கிவிட்டான். மாறனுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். துவைத்த துணி கட்டில் மேல் குவியலாகக் கிடக்கிறது. அதை அப்படியே தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நிலாவதி மேடத்தின் ஆன்லைன் தொடரில் இன்று நாற்பத்தோராவது அத்தியாயம். ருத்ரன் யாழினியை அறைந்து, மாடி ரூமில் தள்ளிப் பூட்டிவிட்டு, வெளியே நின்று அழுகிறான். பத்து நிமிடத்துக்குள் கீழே இதயங்களாகக் கொட்டிவிட்டது. 'என்னா கோபம்டா உனக்கு ருத்ரா', 'இப்படி ஒருத்தன் என் மேல உரிமையா கோபப்பட மாட்டானா', 'சிஸ், செம எபி, அடுத்த யூடி எப்போ'. நானும் ஒரு இதயம் போட்டேன். படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் எல்லோரும் போடுவோம், நானும் அப்படித்தான்.

அதற்கெல்லாம் கீழே வெண்பனி எழுதியிருந்தார். "மேடம், மூணு வருஷமா உங்க எழுத்தை ஒரு வரி விடாம படிக்கிறேன். இன்னைக்கு முடியல. அடிச்சுட்டு வெளியே நின்னு அழறவன் மறுநாள் பூ வாங்கிட்டு வருவான். அதுக்கு அடுத்த வாரம் திரும்ப அடிப்பான். இதைக் காதல்னு எழுதாதீங்க. உங்களைப் படிக்கிற பொண்ணுங்க நம்பிடுவாங்க."

அவ்வளவுதான். திட்டு இல்லை, ஒன்றுமில்லை. ஆனால் மற்ற வாசகிகள் இனி விடமாட்டார்கள்.

வெண்பனியின் நிஜப் பெயர் தமயந்தி என்பது எங்கள் வாட்ஸ்அப் குழுவான வாசகியர் வட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். குட்டி பிறந்த புதிதில், பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தபோது குழுவில் புலம்பினேன். தனியாக மெசேஜ் அனுப்பிக் கூடவே விழித்திருந்தவர் அவர்தான். அப்போது ஒருநாள் தன் கதையையும் சொன்னார். அடிக்கிற புருஷனை விட்டு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியேறி இரண்டு வருடமாகிறது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். ஊர், வேலை, போன் நம்பர் எல்லாம் மாற்றிக்கொண்டு ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். கதை படிப்பது ஒன்றுதான் பழைய வாழ்க்கையிலிருந்து கூடவே வந்தது என்றார்.

போன மாதம் குட்டிக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தைத்த துணிகள் அனுப்பியிருந்தார். "கொரியர்காரன் ஃப்ரம் அட்ரஸ் எழுதாம வாங்க மாட்டேன்னுட்டான் இந்து. பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடும்மா" என்று மெசேஜ்.

கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெண்பனிக்கு வந்த பதில்கள். 'உனக்குப் பொறாமை', 'பிடிக்கலைன்னா படிக்காதே', 'உன் புருஷன் உன்னை அடிச்சா கதையில வர்ற எல்லா ஆம்பளையும் கெட்டவனா'. கடைசியில் உள்ளதை எழுதியவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா எழுதியிருக்கிறாள். நூற்று இருபது பேருக்கு அது பிடித்திருக்கிறது.

சாயங்காலம் நிலாவதி மேடம் இரண்டு வரி போட்டார். 'மனசு சரியில்லை. சில வார்த்தைகள் ரொம்பக் காயப்படுத்திவிட்டன. இனி யூடி வருமா தெரியாது.'

குட்டிக்கு இன்று ராகியை இரண்டு தடவை வடிகட்டியும் துப்பிவிட்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டு நாளாக வாசகியர் வட்டத்தில் இதே பேச்சு. குழுவில் ஐந்து அட்மின். அதில் நான் ஒருத்தி. கோமளா அக்காதான் தலை. ஈரோட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும், எல்லோருக்கும் அம்மா மாதிரி. என் வளைகாப்பு சொந்த ஊரில் ஏழெட்டுப் பேரோடு முடிந்துவிட்டது என்று நான் அழுதபோது, குழுவில் ஒருநாள் முழுக்க ஆளுக்கொரு வளையல் படம் போட்டு எனக்கு இரண்டாவது வளைகாப்பு நடத்தினார். குழுவின் மேலே எப்போதும் தெரியும்படி பின் செய்து வைத்திருக்கும் விதியும் அவர் எழுதியதுதான். 'இங்கே எல்லோரும் சகோதரிகள். மனம் நோகப் பேசக் கூடாது.'

இன்று அந்த விதிக்கு நேர் கீழே, "இவ ஃபேக் ஐடி. வேற ரைட்டர் அனுப்பின ஆளு. யாருன்னு கண்டுபிடிச்சு முகத்தைக் காட்டணும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கோமளா அக்கா கைதட்டல் போட்டிருந்தார்.

மாறனிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்தபடி, "யூடின்னா என்னது, யூடியூபா?" என்றார்.

"அப்டேட்டுங்க. அடுத்த அத்தியாயம்."

"ஓ. அது வரலைன்னா இவ்ளோ சண்டையா? எங்க லைன்ல ரோபோ நின்னாகூட இவ்ளோ பேர் கூட மாட்டாங்க."

சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். என் பயத்தை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாறனுக்குக் கார் கம்பெனியில் வேலை கிடைத்து, சென்னைக்கு வெளியே இந்த ஒரகடத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து ஃபிளாட்டில் இந்தி பேசுகிறார்கள், எதிரில் பூட்டியே கிடக்கிறது. பகல் முழுக்க என்னோடு பேசுவது அந்தக் குழு மட்டும்தான். அதில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். வெண்பனி ஒரே ஆள்.

இப்படி எண்ணிப் பார்த்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தமயந்தி அக்கா மெசேஜ் போட்டிருந்தார். "நீ எதுவும் பேசாதே இந்து. உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க. நாலு நாள்ல அடங்கிடும்."

நான் எதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் குட்டிக்குக் குளிக்க ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. துடைத்துவிட்டு வந்து பார்த்தால் குழுவில் என் பெயர்.

"இந்து அட்மின் தானே, ஏன் வாயே திறக்கல?"

"அவளுக்கும் வெண்பனிக்கும் ரொம்ப ஃப்ரெண்ட்ஷிப். பாப்பாவுக்குப் பார்சல் எல்லாம் வந்துச்சு, அவளே சொன்னா."

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்றாங்க போல."

ஒருத்தி என் புரொஃபைல் படத்தை எடுத்துப் போட்டுப் பக்கத்தில் பாம்பு படம் ஒட்டியிருந்தாள். அந்தப் படத்தில் என் மடியில் குட்டி இருக்கிறான். அவன் முகத்தை ஒட்டிப் பாம்பு. ஈரத் தலையோடு அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு.

கோமளா அக்கா போன் செய்தார்.

"ஏங்கண்ணு, அழுதுட்டு இருக்கியா? நான் இருக்கறப்ப உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தப் பாம்பு போட்டவள நான் எடுத்துவுட்டுட்டேன்."

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு நான் நம்புறனே சாமி. அவுங்க நம்போணுமில்ல. அந்தப் பார்சல் வந்துச்சே, அதுல பேரு ஊரு இருந்திருக்குமில்ல?"

"கிழிச்சுட்டேன்க்கா."

"போட்டோ கீட்டோ எடுக்கலியா? நீதான் எது வந்தாலும் எடுப்பியே. நான் யாருக்கும் காட்டமாட்டேன் கண்ணு. ஃபேக் ஐடியா நெசமான்னு மட்டும் பார்த்துட்டு, நெசம்தான், வுட்டுருங்கன்னு சொல்லிப்போடறேன். அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மத்தியானம் குழுவில் கோமளா அக்கா, 'இந்து நம்ம பொண்ணு. அவளைப் பத்தி இனி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது' என்று எழுதினார். எல்லோரும் எனக்கு இதயம் போட்டார்கள். பாம்பு போட்டவள் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நிலாவதி மேடத்தின் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். குழுவில் இல்லை, எல்லோரும் பார்க்கும் பக்கத்தில். ஒரு கொரியர் கவரின் படம். அனுப்புநர் ம. தமயந்தி, தெருப் பெயர், ஆத்தூர், போன் நம்பர். மேலே ஒரு வரி. 'வெண்பனி என்ற பெயரில் விஷம் கக்கும் பெண் இவர்தான். நேரில் கேட்டு நியாயம் பெறுங்கள் சகோதரிகளே.'

எப்படிப் போனது என்று தெரியவில்லை. கொரியர் ஆபீஸில் யாராவது எடுத்திருக்கலாம். அங்கே எத்தனை கைகள் மாறுகின்றன.

தமயந்தி அக்காவைக் கூப்பிட்டேன், பிஸி. மறுபடியும் பிஸி. கடைசியில் அவரே மெசேஜ் அனுப்பினார். "யார் யாரோ கூப்பிடறாங்க இந்து. பாதிப் பேரு பொண்ணுங்க, திட்டறாங்க. பாதி ஆம்பளைங்க. என் நம்பரை எங்கயோ அசிங்கமா எழுதிப் போட்டிருக்காங்க போல. தேஜு எடுத்துட்டா ஒரு தடவை. ஆஃப் பண்றேன்." தேஜு அவர் பெண். எட்டு வயது.

அதற்குப் பிறகு நான் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக்தான்.

கோமளா அக்காவிடம், "எடுக்கச் சொல்லுங்கக்கா, அவங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து தப்பி வந்தவங்க, அவர் பார்த்துட்டா என்ன ஆகும்" என்று அழுதேன்.

"நான் ரெண்டு பேருத்துக்குத்தான் அனுப்பினேன் கண்ணு. அவுங்க போட்டுட்டாங்க, நான் என்ன பண்றது? சும்மா ரெண்டு நாளைக்குப் பயந்து கெடக்கட்டும். பொறவு எடுத்துருவாங்க. புருஷன் கதை படிக்கற ஆளா என்ன?"

அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கதை படிக்கிற ஆளில்லை. இரண்டு லட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில் அவன் எதற்கு வரப்போகிறான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்துவிட்டான்.

அந்தப் படத்துக்குக் கீழே, நானூறு கமெண்டுக்கு நடுவில். முகம் இல்லாத ஐடி, இன்றுதான் தொடங்கியது. பெயர் இருந்த இடத்தில் ஏதோ எண்கள்.

'நன்றி சகோதரிகளே. ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன்.'

அதற்குப் பதினேழு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி, 'நீங்களும் நிலா மேடம் ஃபேனா சகோ' என்று கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மாறன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். குட்டியின் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவர் ஷூவைக் கழற்றாமல் நின்று கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த கவர் எங்க இருக்கு?"

பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன்.

"கிழிச்சுட்டேன்னு சொன்னியே."

"இப்ப கிழிச்சுடறேன்."

"இப்ப எதுக்குடி?"

இந்த நோட்டிலும் கிழித்துவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். அன்று எழுதும்போது அது பீரோவில்தான் இருந்தது. அதில் எழுத்து அழகாக இருந்தது, நீல மையில். எனக்கென்று வந்த பார்சல். தூக்கிப் போட மனசு வரவில்லை. சனிக்கிழமை கோமளா அக்கா போனை வைத்ததும் அதை ஜன்னலோரம் வைத்து, நிழல் விழாமல் படமெடுத்தேன். முதல் படத்தில் பின்கோடு மங்கலாக இருந்தது. இன்னொன்று எடுத்தேன்.

அதைத்தான் கோமளா அக்காவுக்கு அனுப்பினேன்.

மாறன்தான் பெண்கள் உதவி எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தார். அங்கே பேசிய பெண் பொறுமையாக எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஆத்தூர் மகளிர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்கிறோம் என்றாள். "அட்ரஸ் எப்படி வெளியே போச்சும்மா?" என்று கேட்டாள். மாறன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட இருந்து" என்றேன்.

அக்காவின் நம்பர் இன்னும் ஆஃப். அவர் வேலை செய்யும் ஜவுளிக் கடைக்கு மாறன் போன் செய்தார். இரண்டு நாளாக வரவில்லையாம்.

ஆகஸ்ட் 13, புதன்

குட்டியை ஊசிக்குத் தூக்கிப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தேன்.

"இந்து? நான்தான்ம்மா. டீக்கடைக்காரர் போன்ல இருந்து பேசறேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா குட்டியை வாங்கிக்கொண்டார்.

"எங்கக்கா இருக்கீங்க? தேஜு?"

"சேலம் பஸ் ஸ்டாண்டு. கூடத்தான் இருக்கா. நேத்து வீட்டுக்கார அம்மா வந்து சொல்றாங்க, ஸ்வீட் பாக்ஸோட ஒருத்தர் வந்தாராம். சம்சாரம் கோவிச்சுட்டு வந்துடுச்சு, சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னாராம். நல்ல மனுஷனா இருக்காரேம்மான்னு எனக்கு புத்தி சொல்றாங்க. சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இருந்ததை ஒரு பையில போட்டுட்டு, மதியமே கிளம்பிட்டோம்."

"போலீஸ்..."

"போனேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க, ரசீது குடுத்தாங்க. ராத்திரி ஸ்டேஷன்லயேதான் உட்கார்ந்திருந்தோம். அவனைத் தேடறாங்களாம். தேடட்டும், அதுவரைக்கும் எங்கயாச்சும் இருக்கணுமில்ல." பின்னால் கண்டக்டர் ஊர்ப் பெயர் கூவுவது கேட்டது. "இந்து, உங்க வீட்டுக்காரர் தப்பா நினைக்கலேன்னா ஒரு நாலு நாளைக்கு..."

வாங்கக்கா என்றேன். வேறென்ன சொல்ல முடியும். முகவரியைக் கொடுத்தது நான் என்று போனில் சொல்லிவிட்டால் வரமாட்டார். எங்கே போவார் என்பதும் தெரியாது. நேரில் சொல்கிறேன். நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

ஊசி போட்ட தொடை குட்டிக்குச் சிவந்திருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாறன் லீவு போட்டுவிட்டுப் பெருங்களத்தூர் போய்க் கூட்டிவந்தார்.

வீடியோ காலில் அவர் ஒருநாளும் தன் முகத்தைக் காட்டியதில்லை. நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் இல்லை. குள்ளமாக, மெலிந்து இருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. ஒரு கட்டைப் பை, ஒரு ஸ்கூல் பை. தேஜு ஸ்கூல் ஷூ போட்டிருந்தாள். உள்ளே வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். பாத்ரூம் கதவை, பால்கனியை, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. புதுவீடு பார்க்கும் ஆசை என்று நினைத்தேன்.

சாப்பாடு போட்டேன். தேஜு தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். மாறன் ஏதோ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். என்னைப் பேசவிடத்தான் போகிறார் என்று தெரிந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பி வளைந்திருக்கும். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

"இந்தக் கம்பிதான். அந்தக் கவர் படத்துல ஓரமா விழுந்திருந்துச்சு. வீடியோ கால்ல குட்டியை இங்க நிறுத்திக் காட்டுவியே."

நானும் அந்தக் கம்பியைப் பார்த்தேன்.

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"பார்த்த நிமிஷமே தெரியும். அந்தப் பார்சல் உன் ஒருத்திக்குத்தானே போட்டேன்."

"திட்டுங்கக்கா. அடிங்க வேணும்னா."

"அடிக்கவா? நல்லா சொன்ன." சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை. "பஸ்ல வர்றப்ப எல்லாம் உன்னைக் கேக்கறதுக்கு நிறைய சேர்த்து வெச்சேன். எனக்கு அம்மா வீடு இல்ல. அண்ணன் வீட்டுக்குப் போனா அவனே கூட்டிட்டுப் போய் இந்த ஆளுகிட்ட விட்டுடுவான். இந்த ஊர்ல உன் பேரு ஒண்ணுதான் எனக்குத் தெரியும். வேற எங்க போறது சொல்லு."

"எதுக்குக் குடுத்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

"பயந்துருப்ப. பயந்தா என்னென்ன செய்வாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். நானும் பண்ணியிருக்கேன், அவன் கை ஓங்கறப்ப என் பொண்ணையே முன்னாடி விட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "உன் மேல கோவம் இருக்கு இந்து. அது போகும்னு எதிர்பார்க்காத. போகறப்ப போகட்டும். இப்போதைக்கு எம்பொண்ணு தூங்கட்டும்."

எனக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு. அது கிடைக்கவில்லை. சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு, சிங்க்கில் கிடந்த எல்லாப் பாத்திரத்தையும் அவரே கழுவி வைத்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குழுவில் எழுதிவிட்டேன். என் சொந்தப் பெயரில், தமயந்தி அக்கா என்ன சொன்னாரோ அதைக் கேட்டுத்தான்.

"நாங்க எங்க இருக்கோம், என்ன ஆனோம்னு எதுவும் எழுதாத, நீங்க பண்ணினதை மட்டும் எழுது" என்றார். அப்படியே எழுதினேன். 'அந்த முகவரியைக் கொடுத்தது நான். என்னைக் கேட்டார்கள், பயந்து கொடுத்தேன். அவர் எந்த எழுத்தாளரும் அனுப்பிய ஆள் இல்லை. நம்மைப் போல ஒரு வாசகி. ஒரு கதையைப் பற்றி அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். அதற்காக அவர் வீட்டு வாசலை உலகத்துக்கே காட்டினோம். நன்றி சகோதரிகளே என்று ஒருவன் எழுதினான், அவனுக்கு இதயம் போட்டோம். அவன் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தப் படத்தை நீங்கள் எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ அத்தனை பேரையும் அழிக்கச் சொல்லுங்கள்.'

திட்டு மழையாகக் கொட்டியது. துரோகி, நாடகக்காரி, இரட்டை நாக்கு. 'இவ ஒரகடத்துல தானே இருக்கா? புருஷன் கார் கம்பெனி. அட்ரஸ் என்கிட்ட இருக்கு, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் அனுப்பினேனே.' அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எத்தனை பேர் ஸ்வெட்டர் அனுப்பினார்கள், எத்தனை பேர் கிலுகிலுப்பை அனுப்பினார்கள். எல்லோருக்கும் சந்தோஷமாக நானே முகவரி எழுதி அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் அடையாளத்துக்கு மருந்துக்கடை, இரண்டாவது மாடி என்று.

சாயங்காலம் கோமளா அக்கா கூப்பிட்டார். எடுக்க வேண்டாம் என்று மாறன் தலையாட்டினார். எடுத்தேன்.

நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். "நானுந்தாண்டி ஹார்ட் போட்டேன். அந்த ஆளுக்கு. யாருன்னே பார்க்கல. நம்மளைச் சகோதரிங்கறானே, மருவாதியா பேசறானேன்னு போட்டேன்." பிறகு, "அவ எப்படி இருக்கா? உசுரோட இருக்கால்ல?" என்றார்.

தமயந்தி அக்கா எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தெரியலக்கா" என்றேன். கோமளா அக்கா மறுபடி அழ ஆரம்பித்தார். படத்தை எடுக்க வைத்துவிட்டாராம். இரண்டு பேரோடு சண்டையாம். ராத்திரியோடு ராத்திரியாக யார் யாருக்கு அனுப்பினோம் என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் அழுவது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. இந்த ஒன்றையாவது சொல்லாமல் இருக்க என்னால் முடிந்தது.

நிலாவதி மேடம் நாற்பத்திரண்டாவது அத்தியாயம் போட்டுவிட்டார். ருத்ரன் ஐந்து முழம் மல்லிகை வாங்கிவந்து யாழினியின் காலடியில் உட்காருகிறான். தமயந்தி அக்காவிடம் காட்டலாமா என்று யோசித்தேன். எனக்கு முன்பே படித்துவிட்டிருந்தார், மாறன் போனில்.

"நல்லாத்தான் எழுதறாங்க" என்றார். "அந்தப் பூ வாசனை வரைக்கும் சரியா இருக்கு."

ஆகஸ்ட் 16, சனி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மாறன் இன்று ஓவர்டைம். திங்கட்கிழமை இவர்களை வக்கீலிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஆள் இன்னும் அகப்படவில்லை என்று ஆத்தூரிலிருந்து நேற்று போன் வந்தது. அவனது செல்போன் கடைசியாகத் தாம்பரம் பக்கம் இருந்ததாம், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். சும்மா சொல்லி வைக்கிறோம் என்றார்கள்.

பத்தரை மணி இருக்கும். குட்டி ஹாலில் துணி மேல் தவழ்ந்துகொண்டிருந்தான், தேஜு அவனுக்கு டப்பாவைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் தமயந்தி அக்காவும் சமையல்கட்டில் இருந்தோம். காலிங் பெல் அடித்தது.

வழக்கமாக இந்த நேரத்துக்கு யாரும் வருவதில்லை.

அக்கா அடுப்பை அணைத்தார். சத்தம் வராமல், குமிழை அழுத்தித் திருப்பினார். என் கையைப் பிடித்தார். மறுபடி பெல். பிறகு கதவைக் கையால் தட்டும் சத்தம், மூன்று தடவை. அவர் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்துபோயின. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் எங்கோ வைத்துவிட்டு வந்து நிற்கும் முகம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுவரை போனேன். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. நீலச் சட்டை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தோள் திரும்பியது. முகம்.

"கேன்ம்மா. ரெண்டா, ஒண்ணா? பழைய பையன் லீவு."

தண்ணீர் கேன். போன வாரமே சொல்லியிருந்தோம். கதவைத் திறந்து, ஒன்று போதும் என்று சொல்லி, காலி கேனைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். "தண்ணி கேன்காரர்க்கா" என்றேன். அக்கா சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். நான் சிரிக்கக்கூடச் சிரித்தேன். திரும்பினேன்.

ஹாலில் துணி மட்டும் கிடந்தது. டப்பா கிடந்தது.

குட்டி இல்லை.

நான் கத்தினேனா தெரியவில்லை. படுக்கையறைக்கு ஓடினேன். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பாத்ரூமில் பார்த்தேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தம் இல்லை. ஒன்பது மாதக் குழந்தை, எப்போதும் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே இருப்பவன்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், மடித்த பாய் முன்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருந்தது. விலக்கினேன்.

தேஜு முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் என் குட்டி. ஒரு கையால் அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மறுகையின் சுண்டுவிரல் அவன் வாயில் இருந்தது. அவன் அதைச் சப்பிக்கொண்டு, இருட்டில் கண் விழித்து என்னைப் பார்த்தான்.

"தம்பி அழல ஆன்ட்டி" என்று கிசுகிசுத்தாள். "விரல் குடுத்துட்டேன்."

"வெளிய வா கண்ணு. தண்ணி கேன் போடறவர்தான். போயிட்டார்."

அவள் அசையவில்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"உடனே வரக்கூடாது ஆன்ட்டி. போயிட்ட மாதிரி போயிட்டுத் திரும்ப வருவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்."

பாயைத் திரும்ப இழுத்துக்கொள்ள அவளுக்குக் கை எட்டவில்லை. நான் உள்ளே நுழைந்து, அவளை ஒட்டி உட்கார்ந்து, பாயை இழுத்து மூடினேன்.